கடலைப் பார்க்க ஆயிரம் ரூபாயா?

மூன்றாமாண்டு சிவில் பிரிவு மாணவி



நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு தாள் ஒட்டுவார்கள். "ஒரு நாள் கல்விச் சுற்றுலா, ராமேஸ்வரம் தீவு. தலைக்கு ரூ. 950. விருப்பமுள்ளோர் பெயர் கொடுக்கவும்." இந்தத் தாளைப் பார்த்ததும் நம்மிடையே இரண்டு கட்சி உண்டாகிவிடும். ஒரு கட்சி, எந்த சீட் யாருக்கு, எந்தப் பாட்டு முதலில் என்று அப்போதே பேச ஆரம்பித்துவிடும். இன்னொரு கட்சி சத்தமே போடாது. தாளை ஒரு தடவை வாசித்துவிட்டு, ரூபாயை மட்டும் இரண்டாவது தடவை வாசித்துவிட்டு, பேசாமல் லேபுக்குப் போய்விடும். நான் இதை எழுதுவது அந்த இரண்டாவது கட்சிக்காக. முதல் கட்சிக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ படிக்கிற ஒவ்வொருவரும் மூன்று வருஷத்துக்குள் ஒரு தடவையாவது அந்தத் தீவை பஸ்ஸில் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அது ஊர் சுற்றல் இல்லை, பாடம். ஆனால் இப்போது நாம் போகிற விதம் சரியில்லை. யார் போகிறார்கள், யார் நின்றுவிடுகிறார்கள் என்பது அதைவிடச் சரியில்லை.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பட்டாசு ஆபீசில் சரம் பின்னியவர். 2018ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டதில் இருந்து சரம் வேலை போய், கிடைத்த வேலைக்குப் போகிறார். சுற்றுலா என்று நான் சொன்னதும் அம்மா சொன்னது இதுதான்: "கடலப் பாக்க ஆயிரம் ரூவாயா? மழை பெஞ்சா நம்ம தெருவே கடலுதான!" நான் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்க அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அம்மாச்சிக்கு வேறு சந்தேகம். "ராமேஸ்வரம் எல்லாம் கடைசிக் காலத்துல போற ஊரு. வயசுப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி?" காசிக்குப் போனவர்கள் யாத்திரையை முடிக்கிற ஊர் அது என்பது அம்மாச்சி கணக்கு.

நான் போனேன். எப்படிப் போனேன் என்பது பிறகு. அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

அதிகாலை மூன்றரை மணிக்கு பஸ் கிளம்பியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர், பரமக்குடி. நம்ம மாவட்டத்துக் கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும் ராமநாதபுரம் வரை கூடவே வரும். அதனால் தூங்குகிறவர்கள் தூங்கலாம், நஷ்டமில்லை. மண்டபம் தாண்டியதும் எழுந்துவிட வேண்டும். ஏனென்றால் அங்கே பூமி முடிந்துவிடுகிறது.

பாம்பன் ஜலசந்தியின் மேல் 2,345 மீட்டர் நீளத்துக்கு ரோட்டுப் பாலம். 1974ல் ஆரம்பித்த வேலை, 1988 அக்டோபர் 2ம் தேதி ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதற்கு முன் இந்தத் தீவுக்குள் பஸ்ஸே வர முடியாது. ரயில், இல்லாவிட்டால் படகு. அதாவது, பஸ்ஸில் தீவைச் சுற்றுவது என்ற காரியமே நம் அப்பா அம்மா சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் நடக்காத காரியம்!

பக்கத்தில் கீழே ரயில் பாலம். முதல் பாலம் 1914 பிப்ரவரி 24ல் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 145 கண்கள். நடுவில் கப்பலுக்கு வழிவிடுகிற கண் மட்டும் ஷெர்சர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறையில் அமைந்தது. இரண்டு பாதியாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் பின்பக்கம் உருண்டு மேலே தூக்கும். தூக்குகிற பக்கத்துக்குச் சமமாகப் பின்னால் எடை கட்டியிருப்பதால், நூறு வருஷம் அதை ஆட்களே கைப்பிடியைச் சுற்றித் திறந்து மூடினார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓட்டம் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்டது. இதில் நடுக்கண் பிரிவதில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள முழுக் கண்ணும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் மேலே போகிறது. கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வாளி, மறுபக்கம் வாளிக்குச் சமமான கல்லைக் கட்டிவிட்டால் இழுக்கிறவருக்கு என்ன பாரம்? உராய்வு மட்டும்தான். 660 டன் இரும்பை மோட்டார் தூக்குவது அப்படித்தான். "கவுண்டர் வெயிட்" என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இரண்டு வரி, அங்கே உயரமாக நின்றுகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் பஸ் எவ்வளவு நேரம் நின்றது தெரியுமா? பத்து நிமிஷம். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆளுக்கு ஒரு போட்டோ. சாயங்காலம் சங்கு மாலைக் கடையில் எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்துக்கு மேல்! நான் கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் 'கல்விச் சுற்றுலா' என்று பேனர் கட்டிய வண்டிக்கு இது பொருந்துமா?

பத்து நிமிஷத்தில் யாரும் சொல்லாத ஒரு கதையைச் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது. பழைய பாலத்தின் 145 கண்களில் 120க்கும் மேல் கடலில் போய்விட்டது. தூக்குப் பாலம் மட்டும் நின்றது. ரயில்வே ஆறு மாதத்தில் சரிசெய்யச் சொன்னது. பொறுப்பேற்றவர் ஈ. ஸ்ரீதரன், அப்போது வயது 32. மீனவர்கள் காட்டிய இடத்தில் மூழ்கிக் கிடந்த கர்டர்களைத் தூக்கி எடுத்து மறுபடி பொருத்தி, 46 நாளில் ரயில் விட்டார். பிற்பாடு கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். இன்னொரு விஷயம் நமக்குப் பிடிக்கும். ரயில்வேக்குப் போகும் முன் அவர் கொஞ்ச காலம் கோழிக்கோடு அரசு பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்தியவர். "டிப்ளமோதானே" என்று கல்யாண வீட்டில் யாராவது உதட்டைப் பிதுக்கினால் இதைச் சொல்லுங்கள். நான் இரண்டு இடத்தில் சொல்லிவிட்டேன்!

பாலத்தைத் தாண்டினால் தீவு. பச்சைப் பசேல் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மணலும் பவளப் பாறையும்தான் அதன் உடம்பு. குடைவேலம், பனை, காற்றுக்குத் தலை சாய்ந்த சவுக்கு. கருங்கல் மலை ஒன்று கூடக் கிடையாது. அப்படிப்பட்ட தீவில் அவ்வளவு நீளமான கருங்கல் பிரகாரத்தை எப்படிக் கட்டினார்கள்? கல் எல்லாம் கடல் தாண்டி வந்தது, ரோட்டுப் பாலமும் ரயில் பாலமும் இல்லாத காலத்தில். கோயிலில் சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள், 22 தீர்த்தத்தில் குளிக்கிறவர்கள் குளியுங்கள். ஆனால் மூன்றாம் பிரகாரத்தின் ஒரு மூலையில் நின்று தூண் வரிசை நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்காத சிவில் மாணவர், சர்வே பரீட்சை எழுதி என்ன பயன்?

இனி தனுஷ்கோடி. இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும்.

1914ல் பாலம் திறந்ததும் சென்னையில் இருந்து போட் மெயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். ரயில் நிலையம், தபாலாபீஸ், சர்ச், பள்ளிக்கூடம் என்று முழு ஊராக இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனில் இருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடிக்குச் சற்று முன் சிக்னல் கிடைக்காமல் நின்றது. டிரைவர் விசில் கொடுத்துவிட்டு மெதுவாக நகர்த்தினார். அலை வந்து வண்டியோடு அடித்துக்கொண்டு போனது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. அதன் பிறகு அந்த ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. ரொம்ப வருஷம் மணலில் வேனிலும் ஜீப்பிலும்தான் போக முடிந்தது. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு திறந்ததும் பஸ்கள் போக ஆரம்பித்தன. ஒரு பக்கம் சாந்தமான கடல், அதைப் பெண் கடல் என்கிறார்கள். மறுபக்கம் குமுறுகிற கடல், அது ஆண் கடலாம். (இந்தப் பெயரை வைத்தவர் எங்கள் தெருப் பெண்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.) நடுவில் ஒரே ஒரு ரோடு. இந்தியாவின் ஓரத்தில் அப்படி ஒரு ரோட்டில் பஸ் ஓடும்போது, உண்மையைச் சொல்கிறேன், பாட்டுப் போட்ட பையன்களே பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் இடிந்த சர்ச் முன்னால் இறங்கினதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. சுவர் மேல் ஏறுவது, ஜன்னல் ஓட்டையில் உட்கார்ந்து விதவிதமாகப் போட்டோ, சுவரில் பெயர் கீறுவது. எங்கள் பஸ் மட்டும் இல்லை, அங்கே நின்ற எல்லா பஸ்ஸும் அப்படித்தான்.

நண்பர்களே, ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5ம் தேதி முதலிபட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் போனார்கள். காப்பாற்ற ஓடிப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12ம் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அந்த இடிந்த ஷெட்டுகளுக்கு முன்னால் ஒரு வெளியூர் பஸ் வந்து நின்று, பிள்ளைகள் இறங்கி, சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? எங்கள் தெருவில் ஒரு அத்தை, நேரங்கெட்ட நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைத்தான் பார்ப்பார்கள், எந்தத் திசையில் புகை வருது என்று. நமக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பட்டாசுப் பகுதிப் பிள்ளைகளாகிய நமக்கு அந்த மணலில் எப்படி நடக்க வேண்டும் என்று தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் போகவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். "செத்த ஊரை என்னத்தப் பாக்க?" அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில், அது செத்த ஊர் இல்லை. இன்றைக்கும் கீற்றுக் கொட்டகை போட்டு மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. மீன் வறுத்து விற்கிற ஒரு அக்காவிடம், "தண்ணிக்கு என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன். "இந்தா, இங்கனதான்" என்று மணலைத் தோண்டிய ஒரு சின்னக் குழியைக் காட்டினார்கள். சுற்றிலும் கடல், தோண்டினால் நல்ல தண்ணீர்! குடித்துப் பார்த்தேன், உப்பு இல்லை. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ரொம்ப ஆழமாகத் தோண்டினால், வேகமாக இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். அதனால் அகப்பையில் மோந்து எடுக்கிற அளவுக்குத்தான் தோண்டுகிறார்கள். நிலத்தடி நீர் பாடத்தில் நமக்குப் புரியாமல் போனதை அந்த அக்கா ஒரு நிமிஷத்தில் காட்டிவிட்டார்.

இரண்டாவது, அந்தச் சுவர்கள். பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. அறுபது வருஷமாக உப்புக் காற்றில் கூரை இல்லாமல் நிற்கின்றன. நாம் கட்டுகிற கம்பிக் கான்கிரீட் அந்த இடத்தில் என்ன ஆகும்? உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சுவரில் கம்பியே இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை. புதுப் பாலத்துக்கு ஏன் துருப்பிடிக்காத கம்பியும் விசேஷப் பெயிண்டும் வைத்தார்கள் என்பது, அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தால்தான் விளங்கும். (பவளக் கல்லை இப்போது வெட்டி எடுக்கச் சட்டம் அனுமதிக்காது. யாரும் யோசனை பண்ண வேண்டாம்.)

திரும்பும் வழியில் பேய்க்கரும்பு, அப்துல் கலாம் நினைவிடம். 2015 ஜூலை 27ல் மறைந்தார், 2017ல் அதே தேதியில் நினைவிடம் திறந்தார்கள். ராக்கெட் மாதிரி முன்னால் நிற்க நம்மவர்களிடையே தள்ளுமுள்ளு. எனக்கு ராக்கெட்டை விட அவர் தன் புத்தகத்தில் எழுதிய வேறொரு சங்கதி பெரிதாகத் தெரிகிறது. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டப் பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்த அடகுச் சீட்டு பீரோவில் இருக்கிறது! கையைத் தூக்கச் சொன்னால் பாதி வகுப்பு தூக்கும், நானும் தூக்குவேன்.

இங்கேதான் அந்த 950 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர்தான் பஸ்ஸில் இருந்தோம். வராத பாதியில் நன்றாகப் படிக்கிறவர்கள் எத்தனையோ பேர். லீவு நாளில் பட்டாசு ஆபீசுக்கும் அச்சாபீசுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது 950 மட்டும் இல்லை, ஒரு நாள் கூலியும் சேர்ந்து போகிறது. அதிலும் தீபாவளிக்கு முந்தின மாதத்தில் தேதி வைத்தால் யார் வருவார்கள்? அந்த வருமானத்தில்தான் வருஷக் கடன் அடைகிறது. அப்படித் தேதி வைத்துவிட்டு, "பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்வது என்ன நியாயம்?

பெண் பிள்ளைகள் கதை வேறு. பணம் இருந்தும் அனுப்புவதில்லை. "ராத்திரி எத்தனை மணிக்கு வருவீக?" என்ற ஒரு கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. எனக்கு எப்படி அனுமதி கிடைத்தது என்றால், எங்கள் அம்மா கல்லூரிக்கே வந்து, மேடத்திடம் டிரைவர் யார், வண்டி எங்கெங்கே நிற்கும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, தாளை மட்டும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். பணம், 2022ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதாமாதம் வந்த ஆயிரத்தில் ஒரு மாதம். அந்த மாதம் வீட்டில் மளிகைக் கடன் நின்றது.

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மாதத்தை ஒதுக்க முடியாது. அதனால் சங்கத்துக்கு நான் வைக்கிற யோசனை இது. முதலாமாண்டில் இருந்தே மாதம் 40 ரூபாய் சங்கம் வசூலித்து, பிள்ளைகள் பெயரிலேயே கணக்கு வைக்க வேண்டும். 24 மாதத்தில் 960 ரூபாய், மூன்றாமாண்டுச் சுற்றுலா முடிந்தது. கட்ட முடியாதவர் யார் என்று வகுப்பில் பெயர் வாசிக்காமல், மலர் விளம்பரத்தில் வருகிற பணத்தில் இருந்து சங்கமே அமைதியாகப் போட்டுவிட வேண்டும். தேதியைப் பொங்கல் கழித்து வையுங்கள். தீபாவளி வேலையும் இல்லை, புயல் காலமும் போயிருக்கும். பெண் பிள்ளைகளுக்காக இரண்டு அம்மாக்களைச் சங்கச் செலவில் கூட அழைத்துப் போகலாம். நம் அம்மாக்களில் கடலையே பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

பயண நேரத்தையும் மாற்ற வேண்டும். பாம்பன் பாலத்துக்கு ஒன்றரை மணி நேரம், ரோட்டுப் பால நடைபாதையில் நடந்து போய், ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் எடுக்கும் ஆசிரியர் அங்கேயே நின்று வகுப்பு எடுக்க வேண்டும். தனுஷ்கோடிக்கு இரண்டு மணி நேரம், வெயில் தாழ்ந்த பிறகு. சங்குக் கடைக்கு அரை மணி போதும், அம்மாவுக்கு ஒரு சோழி டப்பா வாங்க அதுவே தாராளம்.

இந்தக் கணக்கையும் நேர அட்டவணையையும் ஒரு தாளில் எழுதி, எங்கள் வகுப்பில் 37 பேர் கையெழுத்துப் போட்டு, சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். இரண்டாமாண்டு மாணவர்கள் யாராவது சேர விரும்பினால் சிவில் மூன்றாமாண்டு வகுப்பில் நகல் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள்.